பாலாற்று வழியில் ஒன்பது சிட்டங்கள்

1971-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த எட்டாம் நாள், காலை ஐந்தரை மணிக்குக் காஞ்சிபுரத்தில் வாலாஜா பஸ் ஏறினேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒன்பது பொட்டலம் சிவப்புச் சாயத்தூள், ஒரே அளவாக அறுத்த ஒன்பது சோப்புத் துண்டுகள், சாயம் பிடிக்க ஒரு புட்டி புளித்த காடி, ஒன்பது பட்டுச் சிட்டங்கள். சிட்டம் என்பது நூலைச் சுற்றி முடிந்த சுருணை. நான் எடுத்துக்கொண்டவை சாயம் ஏறாத பட்டு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். கையில் ஒரு செம்புப் பாத்திரம் வேறு தொங்கியது.

“இன்னா பெரியவரே, போற வழியில சமைச்சிக்கினு போவியா?” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நான் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்போதும் வராது. அப்படிப்பட்டவன் பாலாறு பிறக்கும் இடம் வரை எதற்குக் கிளம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அப்போது வயது நாற்பத்தாறு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. என் தங்கையின் கணவர் குமாரசாமி பதினாறு வருஷமாக என்னோடு சாயப் பட்டறையில் நின்றவர். கச்சாப் பட்டின்மேல் ஒரு பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தப் பசையைக் கழற்றினால்தான் சாயம் ஒரே சீராகப் பிடிக்கும். முந்தின ஐப்பசியில் எங்கள் பட்டறையின் அரக்குச் சிவப்பு திட்டுத் திட்டாக வர ஆரம்பித்தது. ஒரு முகூர்த்தப் புடவைக்குப் போட்ட நூல் முழுவதும் வீணாயிற்று. சோப்பு வாங்கிவருவது குமாரசாமியின் பொறுப்பு. அன்று காலை தெருவில் நெசவாளர்கள் தறிக்கு ஏற்றும் நெடுக்கு இழைகளை, பாவை, நீட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் இருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று, “நல்ல சோப்ப வித்துட்டு மட்டச் சோப்பப் போட்டா நூலு எப்பிடி வேவும்?” என்று கத்தினேன்.

அதற்கு முன் நான் தெருவில் சத்தம் போட்டதே இல்லை. குமாரசாமி கையில் இருந்த கோலைக் கீழே வைத்தார். “எங்க நின்னு சொல்ற, பாத்துச் சொல்லு மச்சான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை. என் தங்கையும் வரவில்லை. அடுத்த வாரமே நானே சோப்பு வாங்கி, நானே வேகவைத்தேன். அதே திட்டு வந்தது. குற்றம் அவருடையது அல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மூன்று மாதம் அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போனேனே தவிர உள்ளே போகவில்லை. வெறுங்கையோடு போய்த் தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆற்றின் மேல்பக்கத்தில் தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன, அவற்றின் கழிவுதான் நம் நிலத்தடித் தண்ணீரைக் கெடுக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. ஆறு பிறக்கும் இடத்திலிருந்து நம் ஊர் வரை ஒவ்வோர் இடத்துத் தண்ணீரிலும் ஒரே சோப்பு, ஒரே சாயம் போட்டு ஒரு சிட்டம் தோய்ப்பது. எந்த இடத்தில் சிவப்பு கெடுகிறதோ அதைக் கொண்டுபோய்க் குமாரசாமி முன்னால் வைப்பது. இதுதான் திட்டம். எட்டுச் சிட்டம் காஞ்சி வரைக்கும். ஒன்பதாவது, ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு.

வாலாஜா சுமார் இருபத்தைந்து மைல். அங்கிருந்து ரயிலேறிச் சாயங்காலம் பங்காருப்பேட்டையில் இறங்கினேன். இரவு ஸ்டேஷனிலேயே படுத்தேன்.

இரண்டாம் நாள் முழுவதும் சின்ன ரயிலில் கழிந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் வழியாகச் சிக்கபள்ளாப்பூர் போகும் அந்த வண்டி அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஓடுகிறது. எதிரே உட்கார்ந்தவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். ஆட்கள் இறங்கி நிலக்கடலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். வழியெல்லாம் ஏரிகள். ஒன்றின் வழிதண்ணீர் மற்றொன்றின் தலையில் விழும்படி இருந்தன. நம் பக்கத்தில் ஆறு பெருகி ஏரியை நிரப்பும். அங்கே ஏரிகள் வழிந்து வழிந்து ஆறாகின்றன.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நந்தி மலைப் படிகளில் ஏறினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பனி மூட்டத்தில் முன்னால் இருந்த பத்துப் படிகள்தான் தெரிந்தன. மேலே தோட்டக் காவலர் ஒருவர் இருந்தார். இளம் வயதில் மதராஸ் பட்டாளத்தில் இருந்தவராம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். பாலாறு எங்கே என்று கேட்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

“இந்த மலையில நாலு பக்கமும் நதி இறங்குது சாமி. உன்னுது கிழக்குப் பக்கம். காலைப் பாத்து வை, மிதிச்சிடப் போற.”

அவர் சொன்னது கேலி இல்லை. கிழக்குச் சரிவில் ஒரு பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்தது. பாசி படிந்த கல்லில் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கி, காய்ந்த இலைகளுக்குள் புகுந்து, ஒரு தாம்பாளம் அளவு பள்ளத்தில் தேங்கி, அங்கிருந்து வழிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஓரிக்கையில் அரை மைல் அகலத்துக்குப் படுத்திருக்கும் ஆற்றை நான் இங்கே ஒரு கையால் மறித்தேன். தண்ணீர் புறங்கைமேல் ஏறி மறுபக்கம் போயிற்று. விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி.

பள்ளத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் நெல்மணி அளவு ஒரு கூடு ஒட்டியிருந்தது. சிறு மணல் துகள்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய குழாய். அதற்குள்ளிருந்து ஒரு புழு தலை நீட்டியது. கூட்டைக் கல்லிலிருந்து பிரித்தபோது மெல்லிய இழை ஒன்று நீண்டது. நான் இழையை விரல்களுக்கிடையே வைத்துப் பார்க்கிறவன். அது பட்டுப் போலவே இருந்தது. தண்ணீருக்குள் ஒரு புழு பட்டு நூற்று, அதனால் மணலைத் தைத்து வீடு கட்டியிருக்கிறது. அதை இருந்த இடத்திலேயே வைத்துக் கல்லைத் திரும்பக் கவிழ்த்தேன்.

காவலரின் அடுப்பில் முதல் சிட்டத்தை வேகவைத்தேன். சோப்பு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டியது. பிறகு காடி விட்டுச் சாயம் ஏற்றினேன். அப்படி ஒரு சிவப்பை நான் முப்பது வருஷத் தொழிலில் பார்த்ததில்லை. காவலர் சிட்டத்தைத் தூக்கிப் பிடித்து, “இது தண்ணியா, மருந்தா?” என்றார். மலையடிக் கிராமத்து ஓடையில் இரண்டாவது சிட்டம். நுரை கொஞ்சம் இறங்கியது, சிவப்பு அதேதான். கழிவை நானே தூரமாகக் கொண்டுபோய்ப் புதரில் ஊற்றினேன். அந்த மலைத் தண்ணீரில் அதை விட மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள், பேத்தமங்கலம் ஏரி. பாலாறு முதன்முதலாக நின்று இளைப்பாறும் பெரிய இடம் இது. தங்கச் சுரங்கத்து ஜனங்கள் குடிப்பது இந்தத் தண்ணீர்தான். மலையில் கண்ணாடியாக இருந்த தண்ணீர் இங்கே வெயிலில் கிடந்து பச்சை ஏறியிருந்தது. கல்லைப் புரட்டினால் மணல் வீடு இல்லை, நத்தைகள் இருந்தன. கரையில் டீக்கடை வைத்திருந்தவர் வட ஆற்காட்டிலிருந்து போனவர். அடுப்பு கொடுத்தார். பாத்திரத்தில் சிவப்பு கொதிப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஏம்பா, சூனியம் கீனியம் வெக்கிறியா? யாவார எடம்பா இது.”

“சாயம்ங்க. காஞ்சிபுரம் பட்டுக்கு” என்றேன்.

“அத மொதல்லியே சொல்லக்கூடாதா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?” என்று சொல்லிப் பதினைந்து பைசா டீயை இனாமாகக் கொடுத்தார். மூன்றாவது சிட்டம் நன்றாக வந்தது. முதல் சிட்டத்தின் பக்கத்தில் வைத்தால் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு தெரிந்தது.

ஆறாம் நாள் ஆந்திர எல்லையைத் தாண்டி, ஆறு தமிழ்நாட்டுக்குள் இறங்கும் புல்லூர்ப் பக்கம் வந்தேன். இங்கே பாறைகள் முடிகின்றன. மேலே ஆள் உயரப் பாறை, பிறகு தேங்காய் அளவு கல், அப்புறம் கூழாங்கல் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இனி எல்லாம் மணல். நான்காவது சிட்டத்துக்குச் சோப்பு முன்போல் பொங்கவில்லை. தண்ணீர் நடந்து வரும் வழியில் உள்ள மண்ணையும் சுண்ணாம்பையும் உப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்பது என் கைக்கே தெரிந்தது.

அன்று மாலை, தோல் பதனிடும் ஊர் ஒன்றில் இறங்கினேன். பெயர் வேண்டாம். கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு பாத்திரம் எடுத்து ஐந்தாவது சிட்டத்தைப் போட்டேன். சோப்பு தயிர் போலத் திரிந்தது. சிவப்பு எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று சொல்ல முடியாதபடி வந்தது. உண்மையைச் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குமாரசாமி முன் வைக்க ஒன்று கிடைத்துவிட்டது. அந்தத் தண்ணீரின் ஓரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன். சிட்டம் மீதி இருந்ததால் மட்டும் போகவில்லை.

ஏழாம் நாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிகொண்டா. ஆறு கண்ணுக்கு எட்டிய வரை மணல். கார்த்திகையில் வந்த வெள்ளம் வடிந்து, தண்ணீர் என்று மேலே எதுவும் இல்லை. நாலைந்து இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். மேலே இருந்த ஊற்றில் ஒரு பாத்திரம் எடுத்து, மூன்று கல் வைத்து ஆறாவது சிட்டத்தை வேகவைத்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிவப்பு நன்றாகவே பிடித்தது. மலைச் சிவப்பு இல்லை. ஆனால் எந்தத் தறிக்காரரும் குறை சொல்ல முடியாத சிவப்பு. நடுவில் எத்தனையோ மைல் மணல் அந்தத் தண்ணீரை வடித்திருந்தது, எத்தனையோ ஓடைகள் வந்து கலந்திருந்தன. அதற்கும் கீழே இருக்கும் காஞ்சிபுரத்தில் என் நூல் கெட்டதற்கு அந்த ஊர்க் கழிவைக் காரணம் சொல்ல வழியில்லை. அந்த ஊர்க்காரர்கள் படும் கஷ்டம் வேறு. அது பொய் இல்லை.

குழம்பிப் போய், சாயக் கழிவை எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே மணலில் கொட்டினேன். ஊற்றுக்கு ஐந்தடி மேலே. மலையில் இருந்த கவனம் இங்கே இல்லை. தண்ணீர் ஓடினால் அல்லவா கவனிக்கத் தோன்றும்?

“யோவ்! கண்ணு இருக்குதா உனுக்கு? எங்க கொட்ற?”

இடுப்பில் குடத்தோடு ஓர் அம்மாள் மணலில் வேகமாக வந்தார். முனியம்மா என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும்.

“மேல இருக்கிறது குடிக்கிற ஊத்து. நடுவுல குளிக்கிறது. கீழ மாட்டுக்கு. கொயந்தைக்குக் கூடத் தெரியும். நீ குடிக்கிற ஊத்துக்கும் மேல குந்திக்கினு கொட்றியே!”

“தண்ணி ஓடலியேம்மா. எல்லாம் மணல்தானே” என்றேன்.

“மேல ஓடலன்னா? அடியில ஓடிக்கினுதான் இருக்குது. நீ இங்க கொட்னது என் கொடத்துல வரும். நம்பலன்னா குந்திப் பாரு.”

காஞ்சிபுரத்துக் கல்யாணப் பட்டுச் சாயம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வேறு என்ன செய்வது? பகல் முழுவதும் பெண்கள் வந்து மொண்டு போனார்கள். முனியம்மா எல்லோரிடமும் என்னைக் காட்டி, “மாப்ள வூட்டுக்காரரு, சீர் கொண்டாந்து ஆத்துல கொட்டிக்கீறாரு” என்றார். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஊற்றின் மேல்கரையில், தண்ணீர் சுரக்கும் இடத்தில், குங்குமம் கரைந்தது போல ஒரு கோடு தெரிந்தது. மெதுவாக அது ஊற்று முழுவதும் பரவியது. முனியம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“பாத்தியா? உன் கல்யாணப் பட்டு என் சோத்துப் பானையில.”

எனக்கு அப்போது தெரிந்தது அவருடைய ஊற்று அல்ல, என் வீட்டுப் பின்கட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை பட்டறைக் கழிவுத் தண்ணீர் தெருக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. பாவு நீட்டும்போது அது தெறித்து இழையில் கறை படுகிறது என்று நெசவாளர்கள் சொன்னார்கள். நியாயம்தான். கிழக்கே நூல் உலர்த்தும் கொட்டகை இருந்ததால், மேற்கே ஒரு குழி வெட்டி அதில் விட்டேன். தெரு சுத்தமானது, எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் எங்கள் மனை மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்தது. குழிக்குப் பத்தடி கிழக்கே கிணறு. இரண்டு வருஷமாகச் சோப்பும் காரமும் காடியும் சாயமும் மண்ணுக்குள் நடந்து என் கிணற்றுக்கே வந்திருக்கின்றன. சாயத்தை மண் பிடித்து வைத்துக்கொண்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் வந்திருக்கிறது.

அந்த ஊற்றை மூடிவிட்டு, இருபதடி மேலே போய் முனியம்மாவுக்குப் புதிதாக ஒன்று தோண்டிக் கொடுத்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. “பரவால்ல, வேல தெரியுது. வாய்தான் இல்ல” என்றார் அவர்.

எட்டாம் நாள் ஓரிக்கை. நம் ஊர் ஆறு. மாவு போன்ற மணல். மலையில் பார்த்த பாறை இவ்வளவு தூரம் நடந்து இதுவாகியிருக்கிறது. ஏழாவது சிட்டம் சுத்தமான சிவப்பு. அன்று மாலையே வீட்டுக்குப் போய், குளிக்காமல்கூட, என் கிணற்றுத் தண்ணீரில் எட்டாவதைப் போட்டேன். ஐந்தாவது சிட்டத்தையும் அதையும் சேர்த்து வைத்தால் எது அந்த ஊர், எது என் வீடு என்று நூலில் முடிச்சுப் போட்டிருக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலை எட்டுச் சிட்டங்களையும் ஒரு கோலில் வரிசையாகக் கட்டி எடுத்துக்கொண்டு குமாரசாமி வீட்டுக்குப் போனேன். தங்கை கதவைத் திறந்து, “எட்டு நாளா எங்கண்ணா போயிருந்த?” என்றாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. குமாரசாமி கோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு சிட்டமாகத் தடவினார். நான் இடத்தைச் சொன்னேன். எட்டாவதில் அவர் விரல் நின்றது.

“இது நம்ம கெணறு” என்றார். நான் சொல்வதற்கு முன்பே.

“ஆமா. நான் வெட்ன குழி மாப்ள.”

அவர் கோலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? எனுக்கு என் சோப்பு தெரியும். அன்னிக்கு எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு” என்றார்.

தெருவில் அன்றும் பாவு நீட்டியிருந்தார்கள். நான் போய் அதே இடத்தில் நின்றேன். மலைமேல் ஒரு வழி கேட்கக் கால் மணி நேரம் பிடித்தவன். “சோப்பு நல்ல சோப்பு. மாப்ள மேல தப்பு இல்ல. நான் வெட்ன குழியால தண்ணி கெட்டுப் போச்சி” என்றேன்.

பாவு நீளமானது. மறு கோடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர், “கேக்கல பா! இந்தாண்ட ஆளு இருக்குது, சத்தமாச் சொல்லு!” என்றார். இந்தக் கோடியில் யாரோ சிரித்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன், அன்று கத்திய அளவுக்கு. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. பாவைத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது. பின்னால் குமாரசாமி நின்றிருந்தார். “மம்புட்டி எங்க வெச்சிருக்க?” என்று கேட்டார்.

இருவருமாக அந்தக் குழியை வாரி எடுத்து மூடினோம். கழிவை இனி எங்கே விடுவது? “கொட்டாயத் தள்ளிப் போட்டுட்டு, கீழண்ட ஒரு குழி வெட்டிடலாம் மச்சான்” என்றார். கிழக்கே வெட்டலாம்; எங்கள் கிணறு தப்பித்துவிடும். “கீழண்ட யார் கெணறு இருக்குது?” என்று நான் கேட்டேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

கிழக்கு வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிவந்தோம். கடலுக்கு என்று வைத்திருந்த ஒன்பதாவது சிட்டத்தை அதில் போட்டோம். நடுவில் ஓர் இடத்தில் நகக்கண் அளவு வெளுப்பு இருந்தது. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் கவனித்தோம்: எங்கள் குழித் தண்ணீர் அவர்கள் கிணறு வரைக்கும் நடக்கத் தொடங்கியிருந்தது. கிழக்கே குழி வெட்டவில்லை. சுண்ணாம்புக் காரை பூசிய அகலமான தொட்டி ஒன்று கட்டி, கழிவை அதில் வெயிலில் வற்ற விடுகிறோம். வேலை அதிகம். மழைக் காலத்தில் கஷ்டம். கிணறு இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஓரிக்கையிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறோம்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அந்தக் கோல் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. மலைத் தண்ணீர் மேல் முனையில், எங்கள் கிணறு எட்டாவதாக. ஒன்பதாவதைக் கட்டியவர் குமாரசாமி. கடலுக்கு என்று விட்டிருந்த கீழ் முனையில் கட்டாமல், எங்கள் கிணற்றுச் சிட்டத்துக்கு அடுத்தாற்போல் கட்டினார். அதற்குக் கீழே ஒரு முழம் கோல் வெறுமையாக இருக்கிறது.